வாரிசுகள்: ஒன்று

1

வின்னிபெக்கில் என் வேலை கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவரைக் கூப்பிடுவது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க, முகவரி மாற்ற, பழைய காரை வேறொருவர் பெயருக்கு மாற்ற என்று காலையிலிருந்து ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். சிரித்துக்கொண்டுதான் அனுப்புவேன், அந்தச் சிரிப்பையும் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷமாக மற்றவர்களுக்கு இதைச் செய்துவிட்டு, ஊருக்கு வந்து நான் வரிசையில் நின்றால் மட்டும் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மாதம் அம்மாவுக்கு முதல் வருஷ நினைவு நாள். இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆவடிக்கு வந்தேன். கோவில்பதாகையில் அப்பா கட்டிய வீட்டில் இப்போது என் தம்பி ரவி இருக்கிறான். அவன் மனைவி சுமதி, இரண்டு பெண் பிள்ளைகள். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் பார்த்துக் கட்டிய வீடு அது. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது.

அம்மா இறந்தபோது நான் வரவில்லை. பனிப்புயல், விமானம் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பனிப்புயல் உண்மைதான். ஆனால் அது இரண்டு நாளில் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் கிளம்பியிருந்தால் காரியத்துக்காவது வந்து சேர்ந்திருக்கலாம். எடுத்துவிட்டார்கள், இனி யார் முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று உட்கார்ந்துவிட்டேன். அது தப்பு. ஒரு வருஷமாக அந்தத் தப்பு என்னைச் சும்மா விடவில்லை.

படையலுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தோம், வடை சுட்டோம், அம்மா படத்துக்கு முன்னால் ஒரு புதுப் புடவையை மடித்து வைத்தோம். ரவி கற்பூரம் காட்டினான். "அக்கா, நீ கும்புடு மொதல்ல, நீதான் பெரியவ" என்று என்னை முன்னால் தள்ளினான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். மறுநாள் நடந்ததற்கு அது தேவைப்படும்.

2

அம்மாவை வின்னிபெக்குக்கு அழைத்துக்கொள்ள விசாவுக்குப் போட்டிருந்தேன். விண்ணப்பித்தவர் போய்விட்டார், விண்ணப்பம் மட்டும் அந்த அலுவலகத்தில் இன்னும் நிலுவையில் இருந்தது. அதை மூட வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். ரவியிடம் கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தான்.

"அம்மாது எல்லாம் இதுலதான் கீது. எது வேணுமோ ஜெராக்ஸ் போட்டுக்கினு வந்துடு" என்றான். வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான்.

மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை. முன்னால் நின்றவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம் விட்டு நின்றேன், வின்னிபெக்கில் நிற்கிற பழக்கம். அந்த இடைவெளியில் மூன்று பேர் வந்து நின்றார்கள். நாலாவது ஆளாக ஒரு அம்மா என்னைப் பார்த்து, "நீங்க லைன்ல கீறீங்களா, சும்மா நிக்கறீங்களா?" என்று கேட்டாள். லைனில்தான் இருக்கிறேன் என்றேன். "அப்ப ஒட்டி நில்லுமா" என்று என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் வாயில் வந்ததென்னவோ 'சாரி'தான்.

கடைப்பெண் கவரைப் பிரித்து ஒவ்வொரு தாளாக எடுத்து, "இது போடணுமா மேடம்? இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இறப்புச் சான்றிதழ் வந்தது. அதன் கீழே இன்னொரு தாள். "வாரிசு சான்றிதழும் போடணுமா?"

வாங்கிப் பார்த்தேன். காலஞ்சென்ற கன்னியம்மாள் என்பவரின் சட்டப்படியான வாரிசுகள் என்று மேலே இருந்தது. கீழே கட்டம். வரிசை எண் ஒன்று: ரவி, மகன், மணமானவர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கட்டம் அங்கேயே முடிந்து, முத்திரையும் கையெழுத்தும்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"மேடம், போடணுமா வேணாமா?" என்றாள் அந்தப் பெண். போடு என்றேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. நான் அம்மாவின் மூத்த பிள்ளை. பேர் தேவகி. ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

3

சாயங்காலம் ரவி வந்ததும் தாளை அவன் முன்னால் வைத்தேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவனோ சாதாரணமாக அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, ஊட்டு வரி பேர் மாத்தறதுக்கு எடுத்தது" என்றான்.

"இதுல என் பேர் எங்கடா?"

"உன் பேரா?" அவன் உண்மையாகவே யோசித்தான். "அக்கா, வாரிசுங்க எல்லாரோட ஆதாரும் கேட்டாங்க. உனுக்கு ஏது ஆதாரு? ரேஷன் கார்டுலயும் நீ இல்ல. உன்ன எழுதுனா, நீ நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லுவாங்க. அந்தாண்டருந்து உன்ன எங்க இட்டுகினு வர்றது? இன்னாத்துக்குப் பேஜாருன்னு ஒரே பையன்னு எழுதிட்டேன்."

"ஒரே பையன்னு எழுதிட்டேன்." இப்படித்தான் சொன்னான், தக்காளி வாங்க மறந்துவிட்டேன் என்கிற மாதிரி.

விசாரணை என்று ஒன்று இருந்திருக்கும், தெருவில் இரண்டு பேரைச் சாட்சி கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த விசாரணையில் யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டது என்று கேட்டேன். எதிர்வீட்டு சரோஜா அத்தை என்றான். நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். சரோஜா அத்தை சொந்தமில்லை, பழக்கத்தில் அத்தை. நான் பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவள். எனக்குப் பூப்பு நீராட்டு நடந்தபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள்.

"அத்த, எங்கம்மாவுக்கு எத்தனை புள்ளைங்க?"

"இன்னாடி கேள்வி இது, ரெண்டு."

"அப்ப ஆபீசர் கேட்டப்ப ஒண்ணுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கியே."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அவுங்க கார்டைக் கையில வெச்சிக்கினு, இதுல யார் யார் கீறாங்கன்னு கேட்டாங்க. கார்டுல நீ இல்லியேடி. கல்யாணம் ஆனப்பவே பேர எடுத்துட்டியே. உன் பேர எடுக்கறதுக்கு நானும் உன்கூட வந்தேனே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கல்யாணமாகி ஒரு மாதத்தில் நான்தான் வரிசையில் நின்றேன். அம்மா வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கி, அதற்கு ஒரு சான்று வாங்கினால்தான் புருஷன் வீட்டுக் கார்டில் சேர்ப்பார்கள். சர்க்கரையும் மண்ணெண்ணெயும் கிடைக்க வேண்டுமே. நீக்கல் சான்றை வாங்கிக்கொண்டு அம்பத்தூரில் என் புருஷன் சேகர் வீட்டுக்குப் போனேன். அங்கே சேர்ப்பதற்குள் கனடா வந்துவிட்டது. ஆக, ஒரு கார்டிலிருந்து எடுத்த பெயரை நான் எந்தக் கார்டிலும் போடவில்லை. எங்கள் தெருவில் குடும்பம் என்றால் கார்டு. கார்டில் இருப்பவர்கள் குடும்பம், இல்லாதவர்கள் விருந்தாளி. இதில் யாருக்கும் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அதுதான் என்னை இன்னும் அதிகமாக எரித்தது.

4

அன்றிரவு மகளுக்குச் செய்தி அனுப்பினேன். யாழினி டொரொண்டோவில் படிக்கிறாள், நண்பர்களுக்கு அவள் யாஸ். சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பி, நடந்ததை விளக்கினேன். வெகுநேரம் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. அவங்க உன் அம்மான்னு உனக்குத் தெரியும், இதுக்கு எதுக்கு ஒரு பேப்பர், என்று. கூடவே ஒரு இதயம்.

போன வருஷம் அவள் புது வீட்டுக்கு வாடகைக்குப் போனபோது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற கட்டத்தில் தன் தோழியின் பெயரை எழுதியிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். "அம்மா, அவ அடுத்த ரூம்ல இருக்கா. நீ பிளேன்ல வரணும்" என்றாள். சரியான காரணம்தான். ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெளியே போனவர்களுக்கு எல்லாமே இப்படி நல்ல காரணத்தோடுதான் நடக்கிறது. பேச்சும் அப்படித்தான் போனது. வின்னிபெக்கில் முதல் பொங்கல் கூட்டத்தில், "ஊட்ல இன்னும் சாம்பார் கீது, எடுத்துக்கினு வரட்டா?" என்று கேட்டுவிட்டேன். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து அம்மா, சினிமாவில்தான் இப்படிக் கேட்டிருக்கிறேன் என்றார். அன்றிலிருந்து என் பேச்சை நானே தேய்த்துக் கழுவிவிட்டேன். இப்போது ஊரில் ஆட்டோக்காரர் என்னிடம், "மேடம் எந்த ஊரு?" என்று கேட்கிறார். இந்த ஊர்தான் என்றால் நம்புவதில்லை, கோவில்பதாகைக்குச் சுற்று வழியில் போகிறார். ரவியும் சொல்கிறான்: "இன்னாக்கா, டிவில நியூஸ் வாசிக்கற மாதிரி பேசிக்கினு கீற."

5

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், தங்களுக்குக் கொடுத்த தாளை நம்பி வேலை செய்தவர்கள் அவர்கள். நான் பார்த்த எழுத்தர் ஐம்பதை ஒட்டியவர், நெற்றியில் விபூதி. சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், மனு குடுத்தவர் உங்க தம்பி. அவரே நேர்ல வந்து, அக்கா பேரு விட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்தா, இதை ரத்து பண்ணிட்டு மறுபடி விசாரிச்சு ரெண்டு பேருக்கும் குடுத்துடலாம். அவர் வரலைன்னா நீங்க கோர்ட்டுக்குத்தான் போவணும். வருஷக்கணக்காவும்."

"எனக்கு வீட்டுல பங்கு எதுவும் வேண்டாம் சார். வேண்டாம்னு எழுதியே கொடுத்துடறேன்."

"வேணாம்னு எழுதிக் குடுக்கறதுக்கும் மொதல்ல லிஸ்டுல இருக்கணும் மேடம்" என்றார். கிண்டல் இல்லை. இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். எனக்கும் அப்படி ஒரு குரல் உண்டு. "அப்புறம், நீங்க அவங்க பொண்ணுதான்னு காட்டறதுக்கு உங்க பிறப்புச் சான்றிதழ் வேணும்."

பழைய பாஸ்போர்ட்டை நீட்டினேன், அதில் அம்மா பெயர் இருக்கிறது. அது நீங்கள் சொன்னதை வைத்துக் கொடுத்தது, கூடவே இருக்கட்டும், பிறப்புப் பதிவு கொண்டுவாருங்கள் என்றார். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் மட்டும்தான். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்துக்கு அம்மா பெயர் தேவைப்படவில்லை.

என்னிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்ததே இல்லை. நான் பிறந்த பிரசவ விடுதி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பிறப்புப் பதிவைத் தேடிப் போன முதல் அலுவலகத்தில், கம்ப்யூட்டரில் அவ்வளவு பழையது ஏற்றவில்லை என்றார்கள். இரண்டாவதில், "அப்ப இது பஞ்சாயத்து. அந்த ரெஜிஸ்டரெல்லாம் வேற இடத்துக்குப் போயிடுச்சு" என்றார்கள். மூன்றாவதில் கட்டணம் கட்டச் சொல்லி, நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்குப் போனால், தேடுகிறவர் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார். அதற்கு அடுத்த நாள் போனேன். திரும்பிப் போக எனக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டைக்கூட வெளியே நின்றபடியே முடித்துக்கொண்டேன், உள்ளே கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே என்று.

நாலரை மணிக்குப் பதிவேடு கிடைத்தது. தேடிக்கொடுத்தவர் தன் துண்டாலேயே தூசியைத் துடைத்து, பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அப்பா பெயர். தாய்: கன்னியம்மாள். குழந்தை: பெண். பெயர் என்ற இடம் காலி. நான் பிறந்தது அக்டோபரில். அதுவரைக்கும் ஜூன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சேர்த்த வாத்தியார் வயதுக் கணக்குக்காக ஜூன் போட்டிருக்கிறார். ஐம்பது வருஷம் ஜூனில் கேக் வெட்டியிருக்கிறேன்.

"இதுல என் பேரே இல்லையே" என்றேன்.

"பேர் வெக்கறதுக்கு முன்னாடியே எழுதிடுவாங்க மேடம். அப்புறம் யாரு வந்து சொல்றாங்க? பாதி ரெஜிஸ்டர் இப்டித்தான் கீது. அத்த சேத்துக்கலாம், அது பிரச்சினை இல்ல. அம்மா பேரு சரியா கீதா பாருங்க."

கன்னியம்மாள். மை மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அங்கேயே நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை. அந்த மனுஷர் மேசை மேலிருந்த தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

6

ரவியைச் சம்மதிக்க வைப்பதுதான் பாக்கி. ஆபீஸ் எல்லாம் சுலபம்.

"ஊட்ல பங்கு வேணும்னா நேரா கேளுக்கா. நான் இல்லன்னு சொல்லப்போறதில்ல" என்றான். சுமதி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். குழம்பைக் கிண்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"பங்கு வேணாம்டா. எழுதித் தர்றேன்."

"பங்கு வேணாம்னா பேரு இன்னாத்துக்கு?"

அம்மா சாகும்போது நான் இல்லை. தோளில் தூக்கவில்லை, கொள்ளிக்குடம் உடைத்த இடத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பிள்ளைகள் யார் என்று எழுதிய ஒரே தாளிலும் இல்லை. இனி அதில் சேர்வதற்கு இது ஒன்றுதான் வழி. இதை அவனிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ரவி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "உனுக்கு ஈஸி. தப்பா எழுதிட்டேன்னு நான் போய் எழுதிக் குடுத்தா, ஏன்டா பொய் சொன்னேன்னு அவங்க புடிச்சா? எனுக்கு ஸ்டேஷன் பாத்த அனுபவம் கீது. உனுக்கு இன்னா தெரியும்."

எனக்குத் தெரியும். மண்ணூர்பேட்டையில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் வேலைநிறுத்தம் நடந்தபோது பத்துப் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயதிருக்கும். இரண்டு ராத்திரி உள்ளே வைத்திருந்தார்கள். வழக்கு ஏழெட்டு வருஷம் இழுத்து ஒன்றுமில்லை என்று முடிந்தது. அதற்குள் வேலை போய்விட்டது. இன்றைக்கும் காக்கிச் சட்டையைப் பார்த்தால் வேனின் வேகத்தைக் குறைப்பான்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்தேன். மூன்றாம் நாள் காலை அவன் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான்.

"நட போலாம். நானே சொல்றேன். அப்பால இன்னா ஆவுதோ ஆவட்டும். நீ இப்டி பட்டினி கெடந்துட்டுப் போனா, அம்மா என்ன உடமாட்டா."

எழுத்தரிடம் அவனே எழுதிக் கொடுத்தான். அவர் ஒன்றும் திட்டவில்லை. விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வருவார், இருக்கிற தாளெல்லாம் எடுத்து வையுங்கள் என்றார்.

7

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், காலை பதினோரு மணிக்கு அந்த அலுவலர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, தென்காசிப் பக்கத்துப் பெண். மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறதாம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். சரோஜா அத்தை தலை சீவிக்கொண்டு சாட்சிக்கு வந்திருந்தாள். சுமதி மோர் கொடுத்தாள்.

நான் வின்னிபெக்கிலிருந்து கொண்டுவந்த கனமான ஃபைலை ரவி மடியில் வைத்திருந்தான். நான்தான் அவனிடம் கொடுத்தேன். வேலை முழுக்க அவன் கையால் நடக்கட்டும், பயம் போகட்டும் என்று நினைத்தேன். அதில் பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு, குடியுரிமை என்று எல்லாம் இருந்தது. விசா விண்ணப்பத்தை மூடக் கேட்பார்களோ என்று, அம்மா பெயர் எந்தெந்தத் தாளில் இருக்கிறதோ அதையெல்லாம் அள்ளிப் போட்டு வந்திருந்தேன்.

"பிறப்புப் பதிவு பார்த்துட்டேன்" என்றார் அந்தப் பெண். "பேர் இப்பதான் சேர்த்திருக்கீக. அதனால அம்மா பேரு போட்டு வேற பழைய தாள் எதுவும் இருந்தா ஒண்ணு காட்டுங்க."

"கீது மேடம், நெறைய கீது" என்று ரவி புரட்டினான். பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். இன்னும் புரட்டினான். பிறகு ஒரு பக்கத்தில் அவன் விரல் நின்றது.

என்ன பக்கம் என்று நான் எட்டிப் பார்த்தேன். நாங்கள் கனடாவுக்குப் போட்ட முதல் விண்ணப்பத்தின் நகல். குடும்ப விவரம். தந்தை, தாய் என்று இரண்டு கட்டம், அதில் அம்மா பெயர் இருக்கிறது என்பதற்காகத்தான் அதை எடுத்துவந்தேன். அதற்குக் கீழே உடன்பிறந்தவர்கள் என்று ஒரு பெரிய கட்டம். அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு லீவ் லெட்டர் எல்லாம் எழுதிக் கொடுத்த அதே கையெழுத்து.

விசா ஏஜென்ட் சொன்னான். தம்பி மேல் கேஸ் நடக்கிறதா, அப்படியானால் எழுதாதீர்கள், நூறு கேள்வி கேட்பார்கள் என்றான். சேகர் என்னைப் பார்த்தார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பேனாவை வாங்கி எழுதிவிட்டேன். அன்றைக்கு ரவிதான் எங்களை பைக்கில் அந்த ஆபீசில் கொண்டுவந்து விட்டான், கீழே டீக்கடையில் காத்துக்கொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இருபத்து மூன்று வருஷத்தில் அது ஒரு தடவைகூட என் நினைவுக்கு வந்ததில்லை. அந்தப் பத்து நாளும் அவனைக் கேள்வி கேட்டுத் துளைத்தபோதும் வரவில்லை.

ரவி பத்தாவது வரைதான் படித்தான். ஆனால் ஒரு ஃபாரத்தைப் படிக்கத் தெரியும். அந்தத் தாளை அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் எழுந்து உள்ளே போய்விட்டால் என் பெயர் எந்தக் காலத்திலும் வராது. போனால் தப்பும் சொல்ல முடியாது.

"அண்ணே, கிடைச்சுதா?" என்றார் அலுவலர்.

"இல்ல மேடம். இது வேற தாளு" என்றான். அந்தப் பக்கத்தைப் புரட்டி, அடுத்து இருந்த கல்யாணப் பதிவை எடுத்துக் கொடுத்தான். அவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"சரி, நீங்க சொல்லுங்க. உங்க அம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைக?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரு மேடம். மொதல்ல எங்கக்கா தேவகி. அப்பால நான்."

"போன தடவை ஏன் சொல்லலை?"

"எங்கியோ தூரமா கீறாங்களேன்னு உட்டுட்டேன். தப்புதான்."

அவர் எழுதினார். சரோஜா அத்தை கையெழுத்துப் போட்டாள், நான் போட்டேன், கடைசியாக ரவி போட்டான். பத்து நாளில் புதுச் சான்றிதழ் வந்துவிடும், உங்கள் தம்பி வாங்கி அனுப்பிவிடுவார் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனார். அத்தை வீட்டுக்குப் போனாள். சுமதி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ரவி ஃபைலின் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினான். அந்தப் பக்கத்தையும் அதன் இடத்திலேயே வைத்து, நாடாவைக் கட்டி என் கையில் கொடுத்தான். கேஸ், ஏஜென்ட், இருபத்து மூன்று வருஷம் என்று என்னிடமும் காரணங்கள் இருந்தன. நல்ல காரணங்கள்தான்.

"அக்கா" என்றான்.

"சொல்லுடா."

"உங்க ஊர்ல என் பேர சேக்கணும்னா எந்த ஆபீசுக்குப் போவணும்?"

குத்திக் காட்டவில்லை. என்னென்ன தாள் எடுத்துவர வேண்டும் என்று நான் சொன்னால், நாளைக்கே போய் வரிசையில் நின்றுவிடுகிறவன் மாதிரிதான் கேட்டான்.